பயிர் காட்டிக்கொடுக்காத நஞ்சு

ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் ஜின்சூ என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் பாசனத்தில் நெல் விளைத்த கிராமங்களில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்புகள் ஒடிந்துகொண்டே இருந்தன. முதலில் இடுப்பிலும் தொடையிலும் வலி. பிறகு நிமிர முடியாமல் சாய்ந்து சாய்ந்து நடை. கடைசியில் இருமினாலே விலா எலும்பு முறியும் நிலை. படுக்கையில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளைகளைப் பெற்று, மாதவிடாய் நின்ற பெண்கள். ‘இதாய், இதாய்’ (வலிக்கிறது, வலிக்கிறது) என்று அவர்கள் அரற்றியதே நோய்க்குப் பெயராக நிலைத்துவிட்டது.

உள்ளூர் மருத்துவரான நொபொரு ஹகினோ இவர்களுக்குப் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர். நோயாளிகளின் வீடுகள் எல்லாம் ஜின்சூ ஆற்று நீர் பாயும் பகுதிக்குள்ளேயே அடங்கியிருப்பதை அவர் கவனித்தார். ஆற்றின் மேற்பகுதியில், அடுத்த மாநிலமான கிஃபுவில், கமியோகா சுரங்கம் இருந்தது. அங்கே எடுத்தது துத்தநாகமும் ஈயமும். துத்தநாகத் தாதுவைவிட்டுப் பிரியாமல் கூடவே வருவது காட்மியம். சுரங்கத்துக்கு அது வேண்டாத கழிவு, ஆற்றில் போனது. ஆற்று நீர் வாய்க்கால் வழியே வயலுக்கு வந்தது. காட்மியம் வயல் மண்ணில் தங்கி, நெல்லுக்குள் ஏறி, சோற்றின் வழியே உடம்புக்குள் போனது. உடம்பில் சேர்ந்த காட்மியம் சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டுகள் வரை தங்கும். அங்குள்ள நுண்குழல்களைக் கெடுக்கும். எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் சிறுநீரில் கழிந்துபோகும். 1968இல் ஜப்பான் அரசு இதைக் காட்மிய நஞ்சால் வந்த நோய் என்று அறிவித்தது. 1971இல் தொயாமா மாவட்ட நீதிமன்றமும், மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் தீர்ப்பளித்தன.

இந்த வரலாற்றில் என்னை விடாமல் உறுத்துவது ஒன்று. சுரங்கக் கழிவால் பயிர் கெடுகிறது என்று அந்தப் பகுதி விவசாயிகள் வெகுகாலம் முன்பே முறையிட்டிருந்தார்கள். கெட்ட பயிர் அவர்கள் கண்ணில் பட்டது. கெடாமல் முற்றி, அறுத்து, அடித்து, வீட்டுக்கு வந்து சோறான நெல்லைத்தான் யாரும் சந்தேகிக்கவில்லை.

கன உலோகங்கள் நெல்லை என்ன செய்யும் என்று கேட்டால் வேளாண் பாடநூல்கள் நீண்ட பட்டியல் தரும். வேர் நுனி கருகி வளர்ச்சி நிற்கும். தூர் கட்டுவது குறையும். இரும்பும் துத்தநாகமும் உள்ளே போகும் வழியை நஞ்சு பிடித்துக்கொள்வதால் இலை வெளிறும். ஒளிச்சேர்க்கை தளரும், கதிரில் பதர் கூடும். எல்லாம் உண்மை. ஆனால் இவை மண்ணில் நஞ்சு மிஞ்சிய பிறகு தெரியும் அடையாளங்கள். மனிதருக்குத் தீங்கு தொடங்கும் அளவு இதைவிட மிகக் குறைவு. தீட்டிய அரிசியில் ஒரு கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்பது பன்னாட்டு உணவுத் தர விதி. சீனா 0.2 மில்லிகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. இந்த வரம்பைத் தாண்டிய நெல்லை விளைத்த பயிர், வரப்பில் நின்று பார்ப்பவருக்குப் பச்சைப் பசேலென்றே தெரியும். நெல் தன்னைக் காத்துக்கொள்ளும் விதமும் இதற்கு ஒரு காரணம். உள்ளே வந்த காட்மியத்தைச் சிறு புரதத் துண்டுகளால் கட்டி, செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழ்ப் பைகளில் அடைத்து வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. செடி பிழைத்துக்கொள்கிறது, உண்பவர் பிழைப்பது வேறு கணக்கு.

செடி நஞ்சைத் தேடிப் போவதில்லை. தனக்கு வேண்டிய சத்துக்காக அது திறந்து வைத்திருக்கும் வழியில் நஞ்சு நுழைகிறது. சேற்றில் வளரும் நெல்லுக்கு மாங்கனீசு நிறையத் தேவை. அதை உறிஞ்ச வேரின் செல்களில் தனிப் புரதம் ஒன்று உண்டு. ஓஎஸ்-என்ராம்ப்5 என்பது அதற்கு அறிவியலாளர் வைத்த பெயர். மாங்கனீசை உள்ளே கொண்டுபோகும் இந்தப் புரதமே காட்மியத்துக்கும் முதன்மையான நுழைவாயில் என்பதை 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள்.

ஆர்சனிக்கின் வழி வேறு. ஆர்சனிக் முழு உலோகமல்ல, உலோகப்போலி. ஆனாலும் மண் மாசு பற்றிய பேச்சில் அதைக் கன உலோகங்களோடு சேர்த்தே சொல்கிறோம். நெல் அளவுக்குச் சிலிக்காவை உறிஞ்சும் பயிர் அரிது. தாளின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சிலிக்கா இருக்கும். களையெடுக்கும்போது கையைக் கீறும் இலை விளிம்பின் சுணையும், எரித்த பின் உமி விட்டுச்செல்லும் அத்தனை சாம்பலும் அதனால்தான். தண்ணீர் கட்டிய மண்ணில் ஆர்சனிக் எடுக்கும் வடிவம், செடி உறிஞ்சும் சிலிக்காவின் வடிவத்தை ஏறக்குறைய ஒத்தது. அளவும் ஒன்று, மின்னேற்றமும் இல்லை. வேருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஒகயாமா பல்கலைக்கழகத்தின் ஜியான் ஃபெங் மா குழுவினர் 2006இலும் 2007இலும் நெல்லின் இரண்டு சிலிக்கா வாயில்களைக் கண்டறிந்தார்கள். அவற்றின் வழியேதான் ஆர்சனிக்கும் போகிறது என்று 2008இல் காட்டினார்கள். நெல்லை நிமிர்ந்து நிற்கவைக்கும் ஏற்பாடே நஞ்சுக்கு வழியாவது எனக்கு இன்றும் மனம் கனக்கும் செய்தி.

நட்டு ஒரு மாதமான நெல்லைச் சேற்றிலிருந்து பிடுங்கி, வாய்க்கால் நீரில் அலசிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இராது. துருப்பிடித்த கம்பியின் நிறத்தில் மெல்லிய படலம் மூடியிருக்கும். காற்றே இல்லாத சேற்றில் வேர் மூச்சுவிட, செடி தன் தாளில் உள்ள காற்றுக்குழல்கள் வழியே ஆக்சிஜனைக் கீழே அனுப்புகிறது. அதில் கொஞ்சம் வேருக்கு வெளியே கசிகிறது. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு அந்த ஆக்சிஜன் பட்டு வேரின் மேலேயே துருவாகப் படிகிறது. இந்தத் துரு ஆர்சனிக்கைப் பிடித்து நிறுத்தும். நுனி வேரிலும் இளவேரிலும் படலம் கட்டியிராது. நஞ்சு உள்ளே போவது பெரும்பாலும் அந்த வழியில்.

வேரில் நுழைந்த எல்லாமே மணிக்குப் போவதுமில்லை. ஈயமும் குரோமியமும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். தண்டின் கணுக்கள் அடுத்த தடை. கதிருக்குக் கீழே உள்ள கடைசிக் கணுவில் குழாய்த் திசுக்கள் பின்னிப் பிணைந்து, எது இலைக்கு, எது மணிக்கு என்று பிரித்து அனுப்புகின்றன. ஆர்சனிக்கின் ஒரு பகுதியை அந்தக் கணுவின் செல்கள் தம் பைகளில் பூட்டி வைப்பதை 2014இல் கண்டுபிடித்தார்கள். காட்மியத்துக்கு இந்தப் பூட்டு அவ்வளவு வலுவாக இல்லை. துத்தநாகத்தைப் போலவே இருப்பதால், துத்தநாகம் போகும் குழாயில் ஏறி மணிவரை போய்விடுகிறது.

இனி தண்ணீர். நெல் வயலில் எந்த நஞ்சு எவ்வளவு ஏறும் என்பதை மண்ணில் அது இருக்கும் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. எப்போது நீர் கட்டினோம், எப்போது வடித்தோம் என்பதற்கு அதில் பெரும் பங்கு உண்டு. வயலில் தண்ணீர் நின்றால் சில நாட்களிலேயே மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். அவை கந்தகச் சேர்மங்களைச் சல்பைடாக மாற்றும். சேற்றை மிதிக்கும்போது குமிழியோடு கிளம்பும் அழுகல் வாடை அதன் அடையாளம். இந்தச் சல்பைடு காட்மியத்தைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும். தண்ணீர் நிற்கும்வரை காட்மியம் சேற்றில் கட்டுண்டு கிடக்கும். அறுவடைக்கு முன் நீரை வடித்து வயலைக் காயவிட்டதும் காற்று நுழைகிறது. சல்பைடு உடைகிறது, மண்ணில் அமிலத்தன்மை கூடுகிறது, காட்மியம் விடுபடுகிறது. மணி பால் பிடித்து முற்றும் வேளையும் அதுவே. அதனால்தான் ஜப்பானில் காட்மியம் உள்ள பகுதிகளில், கதிர் வெளிவருவதற்கு முன் மூன்று வாரமும் பின் மூன்று வாரமும் வயலில் நீர் வற்றவிடாதீர்கள் என்று விவசாயிகளுக்குச் சொன்னார்கள். பலனும் கிடைத்தது.

ஆர்சனிக்கோ இதற்கு நேர் எதிர். காய்ந்த வயலில் அது இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் நின்றால் அந்தத் துருவையே நுண்ணுயிர்கள் கரைத்துவிடும். ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டு, சிலிக்கா வாயிலுக்கு ஏற்ற வடிவமும் எடுக்கும். ஆக, நீர் கட்டினால் காட்மியம் குறைந்து ஆர்சனிக் ஏறும். காயவிட்டால் ஆர்சனிக் குறைந்து காட்மியம் ஏறும். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர் அராவோவின் குழு இரண்டையும் ஒரே சோதனையில் அளந்து இதை உறுதிசெய்தது. இரண்டு நஞ்சும் உள்ள வயலுக்கு எளிய நீர்ப்பாசன விதி எதுவும் கிடையாது.

இதே தத்தளிப்பின் இன்னொரு முகம் பாதரசம். சீனாவின் குய்சோ மாகாணத்தில் வான்ஷான் என்ற பழைய பாதரசச் சுரங்கப் பகுதி இருக்கிறது. அங்கே நீர் நிற்கும் வயல்களில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மிகக் கொடிய மெத்தில் வடிவத்துக்கு மாற்றுகின்றன. மெத்தில் பாதரசம் மீனில்தான் சேரும் என்று உலகம் நினைத்திருந்தது. வான்ஷான் மக்களுக்கு அது முதன்மையாக அரிசி வழியே வந்தது.

ஆர்சனிக்கின் பெருந்துயரம் வங்கத்தில் நடந்தது. குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற வங்கதேசத்தில் 1970களில் ஆழம் குறைந்த குழாய்க்கிணறுகள் போடப்பட்டன. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த வண்டலில் இயற்கையாகவே ஆர்சனிக் இருந்தது. மேற்கு வங்கத்தில் தோல் கறுத்து, உள்ளங்கை தடித்து வந்த கிராம மக்களைப் பரிசோதித்து, 1983 வாக்கில் ஆர்சனிக்கை அடையாளம் காட்டியவர் கல்கத்தாவின் தோல் மருத்துவர் க்ஷிதீஷ் சந்திர சாஹா. குடிநீரைப் பற்றிய கவலை அதன்பின் உலகெங்கும் பேசப்பட்டது. அதே நிலத்தடி நீரைத்தான் போரோ எனும் கோடைப்பட்ட நெல்லுக்கும் பருவம் முழுக்கப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னரே கவனத்துக்கு வந்தது.

வங்கதேசத்தின் ஃபரித்பூரில் 16, 17 ஆண்டுகள் பாசனம் செய்த ஒரு குழாய்க்கிணற்றின் நிலப்பரப்பை ஆய்வாளர்கள் துண்டு துண்டாக அளந்தார்கள். கிணற்றிலிருந்து வரும் நீரில் இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தே இருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகிப் படியும், ஆர்சனிக்கும் அதோடு படியும். எனவே வாய்க்காலின் தொடக்கத்தில் உள்ள மண்ணில் ஒரு கிலோவுக்கு 70 மில்லிகிராம் வரை ஆர்சனிக் சேர்ந்திருந்தது. தொலைவில் அது 10 அளவில் நின்றது. ஹெக்டேருக்கு 7 முதல் 9 டன் விளைந்த நெல், நஞ்சு கூடக்கூடப் படிப்படியாகக் குறைந்து 2, 3 டன்னுக்கு இறங்கிவிட்டது. நம் ஊரில் தலைமடைக்காரருக்குத் தண்ணீர்க் கவலை கிடையாது, வாடுவது கடைமடை. ஃபரித்பூரின் அந்த நிலத்தில் தண்ணீர் முதலில் தொட்ட வயலே நலிந்தது. ஒரே கிணறு, ஒரே ரகம், ஒரே பருவம் என்று மற்ற எல்லாம் சமமாக இருந்த அந்த ஆய்வை, நஞ்சு விளைச்சலை எப்படித் தின்கிறது என்பதற்கு நான் கண்ட தெளிவான சான்றாக நினைக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளமும் ஆர்சனிக்குக்கு உண்டு. முற்றிய கதிர் தலை சாயும் என்பது நமக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்து தெரியும். அமெரிக்காவின் அர்கான்சா, லூயிசியானா பகுதிகளில் அறுவடைக்காலம் வந்தும் கதிர் சாயாமல் விறைத்து நிற்கும் ஒரு கோளாறு நெடுநாளாக உண்டு. கதிரைப் பிடித்து உருவினால் கையில் வருவது வெறும் பதர். உமிகூடக் கிளிமூக்குபோல் வளைந்து கோணியிருக்கும். பருத்தி விளைத்த காலத்தில் அந்த நிலங்களில் ஆர்சனிக் கலந்த மருந்துகளைத் தெளித்திருந்தார்கள். பருத்தி போய் நெல் வந்தது. நீர் நின்ற மண்ணில் நுண்ணுயிர்கள் ஆர்சனிக்கோடு மெத்தில் தொகுதியைச் சேர்த்து உண்டாக்கும் சேர்மம் மணி பிடிக்காமல் செய்துவிடுகிறது. தெளித்தவர்கள் மறந்துபோன மருந்தை மண் வைத்திருந்தது.

மண்ணைத் திருத்த முடியாதா? முடியும், விலை கொடுத்தால். ஜின்சூ பாசனப் பகுதியில் 863 ஹெக்டேர் நிலத்தின் மண்ணை மாற்றினார்கள். நஞ்சேறிய மேல்மண்ணைக் கீழே புதைத்து, அதன்மேல் இறுகிய அடுக்கு ஒன்றைப் போட்டு, மலையிலிருந்து கொண்டுவந்த மண்ணால் மூடினார்கள். 1980 வாக்கில் தொடங்கிய வேலை 2012இல் முடிந்தது. செலவு 4,000 கோடி யென்னுக்கு மேல். பணம் படைத்த நாடு, ஒரே ஒரு ஆற்றுப் படுகை, 30 ஆண்டுகளுக்கு மேல்.

நெல்லைக் கொண்டே நஞ்சை எடுக்கும் முயற்சியும் நடந்தது. காட்மியத்தை மிகுதியாக இழுக்கும் சொக்கோகொக்கு என்ற ரகத்தைத் தண்ணீர் கட்டாமல் இரண்டு ஆண்டுகள் வளர்த்து, தாளையும் கதிரையும் அப்புறப்படுத்தினார்கள். மண்ணின் காட்மியம் 38 சதவீதம் குறைந்தது. அதன்பின் அங்கே விளைந்த உணவு நெல்லில் 47 சதவீதம் குறைந்தது. விற்க முடியாத நெல்லை இரண்டு ஆண்டு விளைக்க விவசாயிக்கு யாரேனும் ஈடு கொடுத்தால் இது நல்ல வழி.

சீனாவின் ஹுனான் மாகாணம் வேறு வழிக்குப் போனது. 2013 மே மாதம் குவாங்சோ நகர அதிகாரிகள் சோதித்த 18 அரிசி மாதிரிகளில் 8இல் காட்மியம் வரம்பைத் தாண்டியிருந்தது. அவற்றில் பல ஹுனான் அரிசி. அடுத்த ஆண்டு வெளியான நாடு தழுவிய மண் ஆய்வில், விளைநிலங்களில் எடுத்த மாதிரிகளில் 19.4 சதவீதம் மாசுபட்டவை என்று தெரிந்தது. மண்ணை மாற்ற முடியாத பரப்பு அது. குறைவாகக் காட்மியம் ஏற்றும் ரகம், நீர் வற்றாத பாசனம், அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பு ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்யச் சொன்னார்கள்.

இவற்றில் ரகத்தின் மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். ஜப்பானில் கோஷிஹிகாரி நெல்லின் விதைகளைக் கார்பன் அயனிக் கற்றைக்கு உட்படுத்தி, மாங்கனீசு வாயில் கெட்டுப்போன செடிகளைப் பிரித்தெடுத்தார்கள். காட்மிய வயலில் தாய் ரகத்தின் மணியில் கிலோவுக்குச் சராசரியாக 1.73 மில்லிகிராம் ஏறியபோது, புதிய செடிகளில் 0.05க்கும் கீழே நின்றது. பழைய சுரங்கங்கள் நிறைந்த அகிதா மாநிலம் 2025 முதல் தன் புகழ்பெற்ற அகிதா கொமாச்சி நெல்லுக்குப் பதிலாக இந்தப் பண்பு சேர்த்த ரகத்துக்கு மாறியது. கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டு நுகர்வோர் பலர் அஞ்சினார்கள். அயனிக் கற்றை பட்டது முன்னோர் விதையில் ஒருமுறை. விளையும் அரிசியில் கதிரியக்கம் கிடையாது. உண்மையான குறை வேறு: மாங்கனீசும் குறைவாகவே ஏறுவதால், சத்துக் குறைந்த மண்ணில் பழுப்பு இலைப்புள்ளி நோய் எளிதில் தாக்கும்.

இந்தக் குறை இல்லாத விடை நம் பக்கத்து மாநிலத்திலிருந்து கிடைத்தது. கேரளக் கடலோரத்தில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் உப்பங்கழி வயல்களில் விளையும் பொக்காளி நெல், உப்பைத் தாங்குவதற்குப் பெயர்போனது. அதன் மணியில் காட்மியம் குறைவாக ஏறுவதற்குக் காரணம், மாங்கனீசு வாயிலுக்கான மரபணு அதில் அடுத்தடுத்து இரண்டு படிகளாக இருப்பதுதான் என்று 2022இல் மா குழுவினர் காட்டினார்கள். வாயில் இரட்டித்தால் நஞ்சும் இரட்டிக்கும் என்றுதானே தோன்றும்? நடப்பது அப்படியல்ல. மாங்கனீசும் காட்மியமும் வேர் செல்லுக்குள் கூடுதலாகப் போகின்றன. ஆனால் அங்கிருந்து மேலே ஏறும் குழாய்க்குள் காட்மியம் குறைவாகவே போகிறது. இந்தப் பண்பைக் கோஷிஹிகாரிக்கு இனக்கலப்பால் மாற்றியபோது மணியில் காட்மியம் குறைந்தது. விளைச்சலும் சுவையும் குறையவில்லை.

பழைய ரகம் என்றாலே நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். அஞ்சனா தான் என்பதும் இந்தியாவின் பழைய நெல்தான். காட்மியத்தை வேரில் பூட்டிவைக்கும் மரபணு அதில் செயலிழந்து கிடக்கிறது. அதனால் அது மணிக்குக் காட்மியத்தை அள்ளி அனுப்பும் ரகமாக ஆய்வுலகில் அறியப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பாரம்பரிய நெல் விதைகளை மீட்டு, திருவிழா நடத்திக் கைமாற்றிக்கொள்ளும் நண்பர்களை மிகவும் மதிக்கிறேன். அவர்கள் சேர்த்துவைத்திருக்கும் ரகங்களில் எது பொக்காளி மாதிரி, எது அஞ்சனா தான் மாதிரி என்று பார்ப்பது அவர்கள் வேலையின் அடுத்த படியாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மண் மாசு என்றதும் நினைவுக்கு வருவது பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைப் பதிவுசெய்திருக்கிறது. அங்கே பேச்செல்லாம் குரோமியத்தைப் பற்றி. நெல்லைப் பொறுத்தவரை சேற்றில் குரோமியம் பெரும்பாலும் கரையாத வடிவத்துக்கு மாறி வேரோடு நின்றுவிடும். பயிரைக் கொன்றதில் தோலைப் பதப்படுத்தும் உப்புக்கே பெரும் பங்கு. குடிநீரில் குரோமியம் கலப்பது தனிக் கொடுமை, அதை இதனால் குறைத்து மதிப்பிட முடியாது. காட்மியம் எளிதில் சேரும் இடங்கள் வேறு: மின்முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு விழும் ஓடைகள், நகரச் சாக்கடை நீர் பாயும் வயல்கள், குப்பைக் கிடங்குகளின் அடிவாரம். பாஸ்பேட் உரத்திலும் பாறையைப் பொறுத்துக் காட்மியம் கொஞ்சம் வரும். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு வரம்பு விதித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீரைச் சேமிக்கவும் மீத்தேன் வாயுவைக் குறைக்கவும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டச் சொல்கிறோம். திருந்திய நெல் சாகுபடியின் உயிர்நாடி அது. நல்ல மண்ணில் அதைவிடச் சிறந்த முறை இல்லை, ஆர்சனிக் உள்ள வங்கத்திலும் அது வரம். காட்மியம் படிந்த வயலில் அதே முறை நஞ்சை மணிக்குள் ஏற்றிவிடும். எந்த வயல் எது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே பரிந்துரை தருவது சரியல்ல.

சமையலறையில் செய்யக்கூடியதும் உண்டு. அரிசியை நன்றாகக் களைந்து, ஆறு பங்கு தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துவிடும் பழைய முறையில் ஆர்சனிக் 57 சதவீதம் வரை குறைந்ததை 2006இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. சமைக்கும் நீரில் ஆர்சனிக் இல்லாதபோதுதான் இது பலிக்கும். குக்கரில் நீரை முழுதும் உறிஞ்சவைக்கும்போது எதுவும் வெளியேறாது. காட்மியம் மணிக்குள் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் வடித்தாலும் தீட்டினாலும் அவ்வளவாகப் போவதில்லை.

2015 முதல் நம் விவசாயிகளுக்கு மண்வள அட்டை தருகிறார்கள். தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து என்று 12 அளவுகள் அதில் உண்டு. காட்மியம், ஆர்சனிக், ஈயம் மூன்றும் இல்லை. எல்லா வயலுக்கும் அவற்றை அளக்க வேண்டியதில்லை. பாலாறு, நொய்யல் கரைகள், சாக்கடை நீர்ப் பாசன ஊர்கள் என்று ஐயப்படக் காரணமுள்ள இடங்களில் தொடங்கலாம். அங்கேயும் மண்ணை மட்டும் அளந்து பயனில்லை. அறுவடையான நெல்லில் ஒரு கைப்பிடியை எடுத்து, ரகத்தின் பெயரையும் கதிர் வந்த நாளையும் வயலில் நீர் வடித்த நாளையும் உறையின்மேல் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு மோசமாக வந்தால் விவசாயியின் நெல் விலைபோகாமல் கிடக்கும், அந்தப் பயத்தில் யாரும் மாதிரி தர முன்வரமாட்டார்கள். ஜப்பான் 1970களில் செய்ததுபோல், வரம்பை ஒட்டிய நெல்லை அரசே வாங்கிச் சந்தைக்குப் போகாமல் ஒதுக்கிவைக்கும் உறுதிமொழி சோதனைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.